கன்னிமாருக்குப் பின்னால் தண்ணீர் வராது

அரும்பூண்டி ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பதற்காக, மதகுச் சுவரில் யாரோ எப்போதோ வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்டு எண் எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தவர் யாருமில்லை. பாசி ஏறி, அதன்மேல் ஒரு கட்சிக்காரர் சின்னம் வரைந்து, அந்தச் சின்னமும் உரிந்துபோய்ப் பத்து வருஷமாகிறது. ஊருக்குத் தெரிந்த அளவு வேறு. ஏரியின் மேற்கு ஓரத்தில், வேப்பமரத்தடியில், மஞ்சள் பூசி வரிசையாக நிறுத்திய ஏழு கல். கன்னிமார். ஏரி நிறைந்தால் தண்ணீர் மெல்ல ஏறி வந்து ஏழாவது கன்னியின் காலை நனைக்கும். அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறாது. மிச்சத் தண்ணீர் கிழக்கே கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போய்விடும். ஏரி கோடி போகிறது என்று அன்றைக்கு ஊரே கலங்கலுக்கு ஓடும். மேளம் அடிப்பார்கள், கிடா வெட்டுவார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வழிகிற தண்ணீரில் காலை நனைப்பார்கள்.

அந்தக் கலங்கலைப் பார்த்துக்கொண்டவர் பஞ்சாட்சரம். ஊரில் அவரைக் கோடிப் பஞ்சாட்சரம் என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஏதோ பணம் புரளுகிற ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரிடம் இருந்தது கடைமதகில் ஒன்றரை ஏக்கர், ஒரு ஜோடி மாடு, பெருநகர் என்ற ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த முனியம்மாள், பிரபா என்று ஒரே மகள். கலங்கலின் தலையில் இரண்டடி உயரத்துக்குக் கல் தூண்கள் வரிசையாக நிற்கும். புரட்டாசி பிறந்ததும் அந்தத் தூண்களுக்கு நடுவே களிமண்ணும் வைக்கோலும் பனை ஓலையும் வைத்து மிதித்து அடைப்பது அவருடைய வேலை. கூலி கிடையாது. அடைத்தால் ஏரியில் இரண்டடித் தண்ணீர் கூடுதலாக நிற்கும். முதல் மதகுக்காரனுக்கு அந்த இரண்டடி ஒரு பொருட்டே இல்லை. கடைமதகுக்காரனுக்கு அதுதான் தை மாசத்துச் சோறு.

மழை என்றால் மனுஷனுக்குக் கிறுக்கு. ஐப்பசியில் முதல் மழை விழுந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டு வெறுந்தலையோடு வரப்பில் நடப்பார். "தலைய மூடுய்யா, சளி புடிக்கப் போவுது" என்று முனியம்மாள் கத்துவாள். "வர்ற தெய்வத்துக்கு முன்னால யாராவது தலைய மூடுவாங்களா?" என்பார். நாற்பது வருஷமாக இதே பேச்சு.

இன்னொரு கணக்கும் அவரிடம் இருந்தது. மேற்கே ஜவ்வாது மலையில் பெரிய மழை விட்டால், செய்யாற்றில் வந்து, அணைக்கட்டில் பிரிந்து, வரத்துக்காலில் புகுந்து, நடுவில் மூன்று ஏரிகளை ரொப்பிவிட்டு அரும்பூண்டிக்குத் தண்ணீர் வர நாலு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை மழை என்றால் திங்கட்கிழமை தண்ணீர். அந்த நாலு நாளில் நாற்றங்காலை ஒழுங்கு பண்ணலாம், ஏரி உள்வாயில் மேயும் மாட்டை ஓட்டிவரலாம், அடைத்த இடத்தில் இன்னொரு கூடை மண் போடலாம். வந்த பிறகும் தண்ணீர் ஒரேயடியாக நின்றுவிடாது. மேலே இருக்கிற வயலும் தோப்பும் மேய்க்காலும் குடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடும். மாசி வரைக்கும் வரத்துக்காலில் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிரபா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பொங்கலுக்கு அதில்தான் மாடு குளிப்பாட்டினார்கள்.

அதெல்லாம் எப்படிப் போயிற்று, யார் கெடுத்தார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தால் ஊரில் ஒருத்தன் மிஞ்சமாட்டான். ஆற்றில் மணல் அள்ளி அள்ளி ஆறு ஆளுயரம் கீழே இறங்கிவிட்டது. வரத்துக்காலின் வாய் மேலேயே நின்றுகொண்டு ஆற்றை எட்டிப் பார்த்தது. மணல் லாரியில் கூலிக்குப் போனவர்களில் பாதிப்பேர் அரும்பூண்டிக்காரர்கள். நடுவிலிருந்த மூன்று ஏரிகளில் ஒன்றின் மேல் சாலை போயிற்று, ஒன்று மனைகளாயிற்று, மூன்றாவதில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மேற்கே மானாவாரிக் காடுகளையெல்லாம் மட்டமாக்கி, கம்பெனிகளுக்குச் சுவர் எழுப்பி, தரைக்கெல்லாம் சிமென்ட் போட்டார்கள். மழை பெய்யாமலில்லை. மழையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பெய்த மழை இறங்க இடமில்லாமல் அலைந்தது, அவ்வளவுதான். சென்னையே மிதந்த பெருமழை வருஷத்தில்கூடப் புதுச் சாலையின் மேடு தடுத்து, வெள்ளம் தெற்கே திரும்பி எங்கோ போயிற்று. அரும்பூண்டி ஏரியில் முழங்கால் தண்ணீர்.

இப்படியாகப் பதினெட்டு வருஷம் ஏரி கோடி போகவில்லை. பஞ்சாட்சரம் மட்டும் ஒரு வருஷம் விடாமல் புரட்டாசியில் கலங்கலை அடைத்தார். வராத விருந்தாளிக்கு இலை போடுகிறான் என்று ஊர் சிரித்தது. ஐப்பசியில் கன்னிமாருக்குக் கற்பூரம் ஏற்றி, வாய்விட்டே வேண்டிக்கொள்வார். "தாயே, இந்த வருஷம் ஏரி கோடி போவணும். போனா கிடா வெட்றேன்." கிடா வருஷா வருஷம் தயாராக இருந்தது. ஏரிதான் தயாராக இல்லை. பாதி வருஷம் பயிர் கதிர் விடாமல் போயிற்று, மீதி வருஷம் ஒரு போகத்தின் பாதியைக் கண்ணில் காட்டியது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏரியின் மேற்கு ஓரத்தில் மனை போட ஆள் வந்தது. அது உள்வாய்ப் பட்டா நிலம். ஏரி வற்றிய வருஷத்தில் கம்போ கேழ்வரகோ போட்டுக்கொள்ளலாம், நிறைந்த வருஷத்தில் வாயை மூடிக்கொண்டு தண்ணீருக்கு விட்டுவிட வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. பத்திரத்தில் அந்த ஏற்பாடு எழுதியிருக்கவில்லை. பத்திரம் சுத்தம் என்று வக்கீல்கள் சொன்னார்கள். தண்ணீருக்குத்தான் படிக்கத் தெரியாது.

தரகர் வீராசாமி உள்ளூர்க்காரன், நாக்கில் வெல்லம் தடவிக்கொண்டு பேசுகிறவன். முதலில் பாதைக்குக் கோடு போட்டார்கள். கோடு நேராகக் கன்னிமார் மேல் போயிற்று. ஊரைக் கூட்டினான்.

"யாரும் தப்பா நெனச்சிக்காதீங்க. சாமி வெயில்லயும் மயையிலயும் வெறுங்கல்லா நின்னுக்கினு கீது. இப்பிடியேவா வுட்றது? இருநூறு அடி முன்னால, ஏரியப் பாத்தாப்ல, கோபுரம் வச்சி கோயில் கட்டித் தர்றோம். கும்பாபிஷேகம், மைக் செட்டு, ஊருக்கே சாப்பாடு. நம்ம சாமிக்கு நம்ம செய்யாம யார் செய்வாங்க?"

ஏரியைப் பார்த்தாற்போல என்றால் ஏரிக்குள்ளே இருநூறு அடி என்று அர்த்தம். யாருக்கும் அது அப்படிக் கேட்கவில்லை. பத்துப் பதினொரு வருஷமாக ஏரி என்பது நடுவில் கிடக்கிற குட்டைதானே. கன்னிமாருக்குக் கோபுரம் வருகிறது என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கல்லைப் பெயர்த்து எடுக்கும் நாளில், ஏழாவது கல்லை யார் தூக்குவது என்று கேள்வி வந்தது. கோடிப் பஞ்சாட்சரம்தான் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். புது வேட்டி கட்டி, தலையில் சும்மாடு வைத்து, மேளத்தோடு அவர்தான் ஏழாவது கன்னியைச் சுமந்துகொண்டு இருநூறு அடி கீழே இறங்கி வந்து வைத்தார். அன்றைக்கு அவருக்குக் கண் கலங்கியது உண்மை. மனைகளுக்கு 'லேக் வியூ கார்டன்' என்று பெயர் வைத்தார்கள்.

பிரபாவைக் கட்டிக்கொடுத்தது ஜெகனுக்கு. கம்பெனியில் வேலை, வாலாஜாபாத்தில் வாடகை வீடு, சாது. நாலு வருஷத்துக்கு முன்னால் சொந்தமாக ஒரு வீடு கட்டலாம் என்று கிளம்பினான். அப்பா பக்கத்தில் இருக்கலாம் என்று பிரபாவுக்கு ஆசை. வீராசாமி லேக் வியூ கார்டனில் ஒரு மனையைக் காட்டினான். கோயிலுக்குப் பின்னால் ஐந்தாவது மனை. ஜெகன் மாமனாரை நேரில் கூட்டிப்போய் நிறுத்தினான்.

"மாமா, வீராசாமி பேச்ச நான் நம்பல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. இங்க தண்ணி வருமா?"

பஞ்சாட்சரம் ஏரியைப் பார்த்தார். கோயில் கோபுரத்தைப் பார்த்தார். "கன்னிமாருக்குப் பின்னால தண்ணி வராது மாப்ள" என்றார். "எங்க நைனா காலத்துல இருந்து வந்ததே கெடையாது."

வீட்டுக்குத் திரும்பும்போது முனியம்மாள் கேட்டாள். "ஏன்யா, கல்ல தூக்கிக்கினு வந்தது நீதான? அது நின்ன எடம் அந்த வேப்ப மரம் இல்ல? மரம் அவங்க மனைக்குப் பின்னால கீதே."

பஞ்சாட்சரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி எங்க கீதோ அதான் எல்லை. சொம்மாவா கும்பாபிஷேகம் பண்ணாங்க? அய்யருங்க மந்திரம் சொல்லி, தண்ணி ஊத்தி வச்ச எடம். அதத் தாண்டி வருமா?"

தெரிந்தும் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? அவரைத் திட்டுவது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். வருஷா வருஷம் ஏரி நிறையவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற அதே ஆள், ஏரி நிறையாது என்று மகளுக்கு வீடு கட்டச் சொன்னார். வேண்டுதல் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது, நம்பிக்கை எப்போதோ செத்துப்போயிருந்தது. அது செத்தது அவருக்கே தெரியவில்லை. சாமி இருக்கிற இடம் எல்லை என்பதை மட்டும் அவர் மனசார நம்பினார். தானே தூக்கிவந்து வைத்த சாமி என்பது அந்த நம்பிக்கையில் ஒரு கீறல்கூடப் போடவில்லை.

வீடு கட்டிக் குடிவந்தார்கள். பிரபாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பஞ்சாட்சரம் தினமும் சாயங்காலம் கரை மேல் நடந்துபோய்ப் பேத்தியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஏரியைக் காட்டுவார். "அதோ பாரு, தண்ணி" என்பார். அங்கே மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும்.

போன கார்த்திகையில் புயல் வந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் மேற்கே இருக்கும் மேலூர் மனைக்காரர்கள் தங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மனு போட்டு, பெரிய சிமென்ட் கால்வாய் வெட்டவைத்து, புதுச் சாலைக்கு அடியில் குழாய் பதித்து, அதன் வாயை அரும்பூண்டிப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் தொலைந்தால் போதும். எங்கே போய்த் தொலைகிறது என்று யார் கேட்டார்கள்?

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க மலையில் மழை என்று டீக்கடை டிவியில் சொன்னார்கள். பஞ்சாட்சரம் விரலை மடக்கினார். திங்கட்கிழமை. சனிக்கிழமை காலையில் கலங்கலுக்குப் போய், அடைத்த இடத்தையெல்லாம் மறுபடி மிதித்து, மேலே பனை ஓலை போட்டு இறுக்கினார். அந்த வருஷம் ஏரி மீனைக் குத்தகை எடுத்திருந்தவர் மஹபூப் பாஷா. உத்திரமேரூர் பஜாரில் பம்ப்செட் கடை வைத்திருப்பவர், பஞ்சாட்சரத்துக்கு முப்பது வருஷப் பழக்கம். ஆடியிலேயே மீன்குஞ்சு கொண்டுவந்து விட்டிருந்தார். பஞ்சாட்சரம் அவருக்குப் போன் போட்டார்.

"பாய், திங்கக்கெயம தண்ணி வருது. கலங்கல்ல வலைய கட்டிடு. இந்த வாட்டி கோடி போவும்."

"பதினெட்டு வருசமா இதத்தான் சொல்லிக்கினு கீற அண்ணே."

"இல்ல பாய், இந்த வாட்டி போவும். வாசன அடிக்குது."

தண்ணீர் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வழியில் நிறுத்தி வைக்க ஏரி இல்லை, குடிக்க நிலம் இல்லை. சிமென்ட்டின் மேல் விழுந்து சிமென்ட்டின் மேலேயே ஓடி, ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அரும்பூண்டி ஏரி கடலாகக் கிடந்தது. நாலு நாள் வழியை ஒன்றரை நாளில் கடந்திருந்தது.

பஞ்சாட்சரம் கரை ஏறிப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுதார். கலங்கலில் வெள்ளைவெளேரென்று வழிந்துகொண்டிருந்தது. ஊருக்குள்ளிருந்து ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். யாரோ மேளத்துக்கு ஆள் அனுப்பினார்கள். "முனிம்மா, கிடாவ புடிச்சிக்கினு வா!" என்று அவர் கரையிலிருந்தே கத்தினார். அறுபத்தொரு வயதில் அவர் அப்படிச் சிரித்ததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. நல்லவேளை, பார்த்துவைத்தது. அப்புறம் பார்க்கக் கிடைக்கவில்லை.

மடியில் போன் அடித்தது. பிரபா.

"நைனா, வூட்டுக்குள்ள தண்ணி வந்துக்கினே கீது நைனா. அவரு நைட் ஷிப்டுக்குப் போனவரு இன்னும் வர்ல. பாப்பாவ கட்டில் மேல ஏத்தி வச்சிக்கீறேன். கட்டில் காலு முயுகிடிச்சி."

"ரோட்டுத் தண்ணியா இருக்கும்மா, வடிஞ்சிரும்."

"ரோட்டுத் தண்ணி இல்ல நைனா. ஏரி. ஜன்னல்ல பாத்தா ஏரி தெர்து."

மேற்குப் பக்கம் சுற்றி ஓடினார். கோயில் கோபுரம் தண்ணீரிலிருந்து முளைத்ததுபோல நின்றது. கன்னிமார் ஏழு பேரும் அடியில் போயிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிரபா வீட்டுக்குள் நுழைந்தார். உள்ளே தொடைவரை. அரிசி டப்பா மிதந்தது, பேத்தியின் செருப்பு ஒன்று மிதந்தது. குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பிரபா பின்னால் வர, பின்வாசல் வழியாக மேட்டுக்கு நடந்தார். எட்டு வைக்க எட்டு வைக்கத் தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. தண்ணீர் தீர்ந்த இடத்தில் நின்றார். நிமிர்ந்து பார்த்தால் வேப்பமரம். ஏழாவது கல்லைப் பெயர்த்து எடுத்த பள்ளம் மண் தூர்ந்து இன்னும் லேசாகத் தெரிந்தது. அந்தப் பள்ளத்தின் விளிம்பைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறவில்லை.

தண்ணீர் ஒரு தப்பும் பண்ணவில்லை. சொன்ன இடத்துக்குச் சொன்னபடி வந்து நின்றிருந்தது.

பிரபாவையும் குழந்தையையும் தன் வீட்டில் விட்டுவிட்டு மறுபடி கலங்கலுக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. அங்கே இரண்டு கூட்டம். மேளத்தோடும் கிடாவோடும் ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். கடப்பாரையோடு லேக் வியூ கார்டன்காரர்கள் ஒரு பக்கம், முப்பது வீட்டு ஆட்கள், முழுக்கால் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கண் சிவந்து. அதில் ஜெகனும் நின்றான். கலங்கல் அடைப்பைப் பிடுங்கவேண்டும், அப்படியும் வடியாவிட்டால் கலங்கலையே இடிக்கவேண்டும் என்றார்கள். கைவைத்தால் வெட்டுவோம் என்று வயல்காரர்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் மஹபூப் பாஷா வலையைக் கையில் பிடித்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். பஞ்சாட்சரத்தைக் கண்டதும் இரண்டு கூட்டமும் வழிவிட்டது.

"பஞ்சாட்சரம், சொல்லுப்பா இவங்களுக்கு" என்றான் முதல் மதகுக்கார ஞானதாஸ். "பதினெட்டு வருசம் தவம் கெடந்து வந்த தண்ணி. நீ அடச்ச அடைப்பு. எவனாவது தொடுவானா?"

ஜெகன் பக்கத்தில் வந்தான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"நீங்கதான மாமா சொன்னீங்க" என்றான்.

பஞ்சாட்சரம் பக்கத்திலிருந்தவன் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கலங்கல் தலையில் இறங்கினார். தான் மிதித்த மண் எங்கே இளகும் என்று அவருக்குத்தான் தெரியும். முதல் தூணுக்கும் இரண்டாவது தூணுக்கும் நடுவே கடப்பாரையைப் போட்டு நெம்பினார். பனை ஓலை பிய்ந்துகொண்டு போயிற்று. தண்ணீர் குதித்தது. மேளம் நின்றுவிட்டது.

"அண்ணே, இன்னா பண்றே?" என்றார் பாஷா. "பயிருக்குப் பால் புடிக்கற நேரத்துல தண்ணி வேணாமா? என் மீனு கூட போவட்டும், உன் நெலம்?"

"வலைய எடுத்துக்கினு போய்டு பாய். அடிச்சிக்கினு போய்டும்."

ஒவ்வொரு தூணாக நகர்ந்தார். நாற்பது வருஷம் மிதித்து மிதித்து அடைத்த இடத்தை ஒரு மணி நேரத்தில் பிடுங்கி முடித்தார். யாரும் உதவிக்கு இறங்கவில்லை, தடுக்கவும் இல்லை. கிடா எப்போது கயிற்றை உருவிக்கொண்டு போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. அது தானாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டடி இறங்கியும் பிரபா வீட்டுக்குள் ஓர் அடித் தண்ணீர் நின்றது. மறுநாள் லேக் வியூ கார்டன்காரர்கள் ஜேசிபி கொண்டுவந்து கலங்கலின் கல் தலையையே மூன்றடி ஆழத்துக்கு உடைத்தார்கள். கோடிப் பஞ்சாட்சரமே கைவைத்த பிறகு யார் எதிர்ப்பது? அதிகாரிகள் ஜீப்பில் வந்து பார்த்து, கோடையில் சரிசெய்து தருவதாகச் சொன்னார்கள். கோடையும் வந்தது. வந்து போயிற்று.

ஏரி பத்தே நாளில் பாதியாயிற்று. பழைய நாளாக இருந்தால் வரத்துக்காலில் கசிவு வந்துகொண்டிருந்திருக்கும். புயல் நின்ற மூன்றாம் நாளே சிமென்ட் கால்வாய் காய்ந்து, அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தை பிறந்தபோது ஏரி நடுவில் குட்டை, சுற்றிலும் வெடித்த சேறு, சேற்றில் பாஷாவின் மீன்கள் செத்து நாறின. கடைமதகுப் பயிர் கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் நேரம். தண்ணீரில்லாமல் கதிர் வெளுத்து நிமிர்ந்து நின்றது. மணி ஏறியிருந்தால் தலை சாய்ந்திருக்கும். பஞ்சாட்சரம் ஒரு வாரம் வரப்பில் போய் உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் அரிவாளோடு போய், ஒன்றரை ஏக்கரையும் மாட்டுக்கு அறுத்துப் போட்டார். மாட்டையும் மாசியில் விற்றுவிட்டார்கள்.

ஊர் அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டது. கோடிப் பஞ்சாட்சரம் என்று இப்போதும் சொல்கிறார்கள், சொல்கிற தொனிதான் வேறு. அவர் காப்பாற்றிக் கொடுத்த வீட்டின் சுவரில் தொடையளவுக்குச் சேற்றுக்கோடு. மூன்று தடவை வெள்ளையடித்தும் கசிந்து வெளியே வருகிறது. ஜெகன் வீட்டை விற்கப் பார்த்தான். வருகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். வேறு போக்கிடமில்லாமல் அதிலேயே இருக்கிறார்கள். பிரபா வானம் கறுத்தால் அரிசியையும் சர்டிபிகேட்டுகளையும் எடுத்துப் பரண் மேல் வைக்கிறாள். ஜெகன் மாமனார் வந்தால் எழுந்து நாற்காலி போடுகிறான், சாப்பிட்டீங்களா என்று கேட்கிறான். அவ்வளவுதான் பேச்சு. பஞ்சாட்சரம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். ஏரியைக் காட்டுவதில்லை.

இந்தப் புரட்டாசியில் அவர் கலங்கல் பக்கமே போகவில்லை. அடைப்பதற்குத் தலையும் இல்லை. வயலில் ஒரு கை விதைகூட விழவில்லை. ஐப்பசி பிறந்து மேற்கே இருட்டிக்கொண்டு வந்த ஒரு நாள் மத்தியானம், முனியம்மாள் கிடாவை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். போன வருஷத்துக் கிடா, நன்றாகக் கொழுத்திருந்தது.

"கோடி போச்சில்ல?" என்றாள். "ஒரு நா போனாலும் போனதுதான். சாமிக்கு சொன்னத செஞ்சிடலாம்யா. வா, ஒரு வார்த்த சொல்லி நாள் குறிச்சிக்கினு வரலாம்."

கன்னிமார் கோயிலில் கோபுரத்துச் சாயம் பாதிவரை சேறு ஏறிக் கிடந்தது. ஏழு கல்லையும் பிரபா கழுவி மஞ்சள் பூசி வைத்திருந்தாள். பஞ்சாட்சரம் கற்பூரம் ஏற்றினார். வாய்விட்டு வேண்டுவது அவர் வழக்கம். முனியம்மாள் கைகூப்பிக் காத்திருந்தாள். கற்பூரம் பாதி எரிந்தது. அவர் ஏழாவது கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தாயே, இந்த வருஷம் ஏரி ரொம்பிடக் கூடாது. ரொம்பாம இருந்தா இந்தக் கிடாவ வெட்றேன்."

முனியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்னாய்யா வேண்டிக்கிற?" என்று கேட்க வாயெடுத்தவள், பின்னால் திரும்பி மகள் வீட்டைப் பார்த்தாள். குங்குமத்தை எடுத்துக் கிடாவின் நெற்றியில் வைத்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கரை மேல் ஏறும்போது தூறல் விழுந்தது. பெரிய பெரிய சொட்டு. பஞ்சாட்சரம் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறித் தலையில் போட்டு மூடிக்கொண்டு, மனைவிக்குப் பின்னால் வேகமாக நடந்தார்.